செவ்வாயா, புதனா

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து நித்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் பயணப் பிரிவையே எடுத்துவிட்டார்களாம். இனிமேல் வெளிநாடு போகிறவர்கள் தாங்களே ஆப்பில் டிக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் வந்துவிடுகிறது. அவள் அனுப்பிய படத்தில் சென்னை, மெக்ஸிகோ சிட்டி என்று இருந்தது. பதினாறாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் இருபது மணி. கீழே, "மேடம், இது கரெக்டா? நீங்க இருந்தப்போ இதெல்லாம் எப்படிப் பார்த்தீங்க? ஒரு நாள் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டிருந்தாள்.

கரெக்ட்தான், நித்யா. கேட்டதால் எழுதுகிறேன். நீ எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

நான் வாலாஜாபாத்துக்காரி. பி.காம். முடித்து, டைப்பிங் கற்று, சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் எட்டு வருடம் கார்பன் தாள் வைத்து டிக்கெட் எழுதினேன். கல்யாணம் ஆகி ஊருக்கே திரும்பி வந்தபின் ஒரகடத்தில் இந்த ஆலைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். காருக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற ஆலை. பயணப் பிரிவு என்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு போன். அதில் உட்கார்ந்தவள் ஐம்பத்தெட்டு வயது வரை எழுந்திருக்கவில்லை.

என் மேலதிகாரி கோதண்டராமன் சார். நிர்வாகப் பிரிவு மேலாளர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. 'நாளைக்கு', 'நாளன்னைக்கு' என்ற வார்த்தைகளை அவர் முன்னால் சொல்லக் கூடாது. "நாளைக்குன்னா யாரோட நாளைக்கு? இங்க நாளைக்கா, அங்க நாளைக்கா?" என்பார். கிழமையும் மணியும் சொல்ல வேண்டும். கணக்குப் போடும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். பென்சிலால்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி, "தப்பு கண்டுபிடிங்க" என்பார். தப்பு இருக்காது. இருந்தாலும் நான் முழுவதையும் போட்டுப் பார்க்காமல் அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ள மாட்டார்.

சேர்ந்த முதல் வாரம் அவர் அறையிலிருந்த உலக உருண்டையையும் ஒரு துண்டு நூலையும் என் கையில் கொடுத்தார். மெக்ஸிகோவில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு ஆலை இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். கிழக்கே இழுத்தேன், மேற்கே இழுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் நூல் வழுக்கிக்கொண்டு மேலே போய் வட துருவத்தில் நின்றது. அந்த ஊர் நமக்கு நேர் முதுகுப் பக்கம். இங்கே காலை ஆறு என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஆறரை.

"இதுதான் தூரம். ஆனா இந்த வழியில எந்த ஃப்ளைட்டும் போகாது. அதனால தூரம் நமக்கு வேண்டாம். பறக்கிற நேரம் பைலட்டுக்கு. நமக்கு வேண்டியது கதவிலேர்ந்து கதவு" என்றார்.

கதவிலிருந்து கதவு என்பதுதான் என் வேலை. வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே மூன்று மணி நேரம் முன்னால், முதல் விமானம், நடுவில் மாறுகிற ஊர், அந்த ஊரில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு எத்தனை நிமிடம், அந்த நாட்டு விசா வேண்டுமா, இரண்டாவது விமானம், இறங்கி வெளியே வர எவ்வளவு, பிறகு சாலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரிக்கு இடது பக்கம் அந்த ஊர் மணி, வலது பக்கம் நம் ஊர் மணி. கடைசி வரியில் ஒரே ஒரு கிழமை, ஒரே ஒரு நேரம். அதைத்தான் வெளியே சொல்ல வேண்டும்.

அதை யாரிடம், எப்போது சொல்லலாம் என்பதற்கு ஒரு விதி பின்னால் வந்தது. அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இன்ஜினியர் ஒருவர், காஞ்சிபுரத்துக்காரர், ஜெர்மனியில் பயிற்சியில் இருந்தார். இங்கே அவர் அப்பா தவறிவிட்டார். அவருடைய அண்ணன் போன் செய்து எப்போது வருவான் என்று கேட்டார். நான் தாளைப் பார்த்து இருபத்திரண்டு மணி நேரம் என்றேன். உற்சாகமாகச் சொன்னேன் என்றுகூட ஞாபகம். நடுவில் மாறுகிற ஊரில் பனி. விமானம் கிளம்பவில்லை. அவர் வந்து சேர நாற்பத்தாறு மணி நேரம் ஆயிற்று. தெருவில் பந்தல் போட்டு, வந்த உறவினர்கள் திரும்பிப் போய், மறுபடி வந்து, பெட்டிக்கு ஐஸ் மாற்றி மாற்றி, கடைசியில் முகத்தை மூடித்தான் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்த அண்ணன் ஆலை வாசலுக்கு வந்தார். கோதண்டராமன் சார் இறங்கிப் போனார். செக்யூரிட்டியை விலகச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அத்தனை வசவையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

மேலே வந்து பென்சிலால் எழுதினார். குடும்பத்துக்கு உறுதியான டிக்கெட்டின் நேரத்தை மட்டும் சொல்ல வேண்டும். அதைவிட முன்னால் வர வாய்ப்பு இருந்தால், கடைசி விமானத்தின் கதவு மூடிய பிறகுதான் சொல்ல வேண்டும்.

"சீக்கிரம் வந்தா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, தனலட்சுமி. லேட்டா வந்தாதான் கோச்சுப்பாங்க" என்றார். அப்போது அது எனக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. அந்த விதிப்படி எத்தனையோ பேரை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இசக்கிமுத்து எங்கள் மெயின்டனன்ஸில் டெக்னீஷியன். சங்கரன்கோவில் பக்கம். என் மகன் வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மனைவி முத்துச்செல்வி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றாள். இருவரும் மாத்தூரில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். அவன் ஏ ஷிப்ட் என்றால் அவள் பி ஷிப்ட். "ஒரே வீட்டுல இருக்கோம்னு பேரு மேடம், பாத்துக்கிடறது ஞாயித்துக்கெழமதான்" என்று பாஸ்போர்ட் கொடுக்க வந்தபோது சிரித்தான். மெக்ஸிகோ ஆலையில் புது மெஷின் பொருத்த ஆறு மாதம் அனுப்பினார்கள். போகிற அன்று முத்துச்செல்வியும் கேட் வரை வந்தாள். "அக்கா, இவுக திரும்பி வாறதுக்கும் நீங்கதான டிக்கெட்டு போடுவீங்க?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். "சீட்டு சன்னல் பக்கமாப் போடுங்க, வேடிக்க பாக்க ஆசப்படுவாவ" என்றாள்.

பொங்கலுக்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை. காலை ஐந்தே கால் மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த முத்துச்செல்வியை ஒரு டிரெய்லர் லாரி அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. அவள் அண்ணன் பரமசிவம் இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு ஆலையில் வேலை பார்த்தார். அவர்தான் எங்கள் செக்யூரிட்டிக்குத் தகவல் சொன்னார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பது.

நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வேலையைத் தொடங்கினேன். அங்கே ஹெச்.ஆரில் இருந்த பெண்ணை எழுப்பத் தேவையில்லை, விழித்துத்தான் இருந்தார். அவர் இசக்கிமுத்துவின் அறைக்கே போய்த் தன் போனைக் கொடுத்தார். பரமசிவம் அவனிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் அவன் பாஸ்போர்ட்டும் ஒரு தோள்பையுமாக அந்தப் பெண்ணின் காரில் ஏறிவிட்டான். தன் போனைக் கட்டில் மேலேயே விட்டுவிட்டான். அதைப் பாதி வழியில்தான் கவனித்தார்கள்.

ஆலையிலிருந்து மெக்ஸிகோ சிட்டி விமான நிலையம் மூன்று மணி நேரம். ஐரோப்பாவுக்கு ஒரு விமானம் அன்று இரவு பதினொன்றரைக்கு இருந்தது, நம் கணக்கில் திங்கள் காலை பதினொன்று. அதில் இடம் இல்லை. மறுநாள் விமானத்தில் இடம் இருந்தது. மறுநாளுக்கு உறுதியாகப் போட்டுவிட்டு, அன்றைய விமானத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்தேன். அலுவலகம் போய்ச் சேர்ந்து தாளில் எழுதினேன். மறுநாள் விமானம் என்றால் புதன் காலை பத்து மணிக்குச் சென்னை. பன்னிரண்டரைக்கு மதுரை விமானம். சாலை வழியாக ஊருக்கு மாலை ஐந்து. கடைசி வரி: புதன் மாலை ஐந்து.

எட்டரைக்குப் பரமசிவம் கூப்பிட்டார். புதன் மாலை என்று சொன்னேன். "சரிக்கா, பெரியாட்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார்.

பதினொன்றே காலுக்கு மெக்ஸிகோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரோ ஒரு பயணி வரவில்லை. இசக்கிமுத்து அந்த விமானத்தில் ஏறிவிட்டான். கதவு மூடிவிட்டது.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்து இரண்டாவது தாள் எழுதினேன். ஐரோப்பாவில் அன்று இரவு கிளம்புகிற சென்னை விமானத்தைப் பிடித்துவிட்டால், செவ்வாய் காலை பத்துக்குச் சென்னை. மாலை ஐந்துக்கு ஊர். ஒரு முழு நாள் முன்னதாக. ஆனால் அந்தச் சென்னை விமானமும் நிரம்பியிருந்தது. பொங்கல் முடிந்து ஆள்கள் அலைகிற நேரம். காத்திருப்போரில் அவன் மூன்றாவது. அதில் இடம் கிடைக்காவிட்டால் அந்த விமான நிலையத்திலேயே ஒரு நாள் கிடந்து, மறுநாள் விமானத்தில் அதே புதன்கிழமைதான் வருவான்.

இரண்டே கால் மணிக்குப் பரமசிவம் மறுபடி கூப்பிட்டார். பிரேதப் பரிசோதனை முடிந்திருந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் டிரைவர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெளம்பப் போறோம். ஊருக்குப் போயிச் சேர நடுச்சாமம் ஆயிரும். மூஞ்சி ரொம்பக் கெட்டுப்போச்சுக்கா. டாக்டரு ரொம்ப வச்சிருக்காதீங்கன்னுட்டாரு. புதன் வரைக்கும் தாங்காது. செவ்வாக்கெழம சாயங்காலத்துக்குள்ள மாப்ள வந்துருவாம்னா எப்படியாவது வச்சிருவோம். நடக்குமாக்கா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, போனை மேஜையில் வைத்து, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கோதண்டராமன் சார் அறைக்குப் போனேன்.

அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். இரண்டாவது தாளை வரி வரியாகப் படித்தார்.

"ரெண்டாவது டிக்கெட் உறுதியா?"

"இல்ல சார். வெயிட்டிங்ல மூணாவது."

"பொங்கல் டைம்ல அந்த ஃப்ளைட்ல மூணாவது ஆள் ஏறுவானா?"

"பாதிக்குப் பாதி சார். ஏஜென்ட்டும் அதான் சொல்றாரு."

"அப்போ புதன்தான்."

"பாதிக்குப் பாதின்னே சொல்லிடலாமா சார்? அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "பாதிக்குப் பாதின்னு சொன்னா, அவங்க காதுல நல்ல பாதி மட்டும்தான் விழும். வச்சிருப்பாங்க. அவன் வரலேன்னா அந்தப் பொண்ணை என்ன நிலைமையில எடுப்பாங்க? காஞ்சிபுரம் மறந்து போச்சா? கதவு மூடட்டும். அப்புறம் சொல்லுங்க."

திரும்பி வந்தேன். அந்த இருபதடி நடையில் எனக்கு எத்தனையோ தோன்றியிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. போனை எடுத்தேன்.

"புதன்தான் தம்பி."

"முன்னாடி வர வழியே இல்லியாக்கா?"

"இல்லப்பா."

"சரிக்கா" என்றார். ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போன் நின்றுவிட்டது.

அவர் தங்கை, அவர் முடிவு. பாதிக்குப் பாதி என்று கேட்டுவிட்டு, அவர் வைத்திருக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அந்த முடிவை அவர் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சார் சொன்னார் என்பது உண்மை. வாயைத் திறந்து சொன்னவள் நான்.

ஏஜென்சியில் அன்று இரவு வேலையிலிருந்த பையனிடம், இரண்டாவது விமானத்தின் கதவு மூடியதும் செய்தி அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பியிருக்கிறான், பன்னிரண்டு நாற்பதுக்கு. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. நான் உள்ளே தூங்கிவிட்டேன். விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

காலை ஐந்தரைக்குப் பார்த்தேன். 'ஏறிவிட்டார்' என்று இருந்தது.

உடனே பரமசிவத்துக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஐந்து நாற்பதுக்குப் போட்டேன். ஆறுக்குப் போட்டேன். எங்கள் பதிவில் இருந்த அவசர எண் அது ஒன்றுதான். ஹெச்.ஆரைக் கூப்பிட்டு இசக்கிமுத்துவின் ஊர் ஆள் வேறு யாராவது ஆலையில் இருக்கிறார்களா என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். ஆறரை, ஆறே முக்கால், ஏழு. என் கணவர் ஒரு காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எட்டு மணிக்கு மணி அடித்தது. எடுத்தார்.

"அக்கா, போன் செத்துப்போச்சு. பக்கத்து வீட்டுல சார்ஜு போட்ருந்தேன்."

"தம்பி, இசக்கிமுத்து இன்னைக்குப் பத்து மணிக்குச் சென்னையில இறங்குறாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊருக்கு வந்துடுவாரு."

அங்கே பெண்கள் அழுகிற சத்தம் அடங்கியிருந்தது. பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது.

"நீங்க புதன்னுல்லாக்கா சொன்னீங்க" என்றார். "ஏழு மணிக்கு அடக்கம் பண்ணிட்டோம். இப்பத்தான் குளிச்சுட்டு வாறோம்."

விமான நிலையத்துக்கு நானே போனேன். கம்பெனி டிரைவர் தேவராஜ், மணிமங்கலத்துக்காரர், வண்டி ஓட்டினார். சானடோரியம் தாண்டும்போது, "இன்னா மேடம் சொல்லப் போறீங்க அந்தப் புள்ளையாண்ட?" என்றார். தெரியவில்லை என்றேன். "நான் வேணா சொல்லட்டா? எனக்குத் தெரிஞ்ச பையன்தான்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்றேன்.

வருகை வாசலில் போய் நின்றோம். "எறங்கிட்ச்சு மேடம். போர்டுல போட்டுகீது" என்றார்.

அவன் முதல் ஆளாக வெளியே வந்தான். மெக்ஸிகோ ஆலையின் குளிர்கால ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். கையில் ஒரு போர்டிங் பாஸ். அதன் பின்பக்கம் பேனாவால் நேரங்களை வரிசையாக எழுதியிருந்தான், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

"நான் ஏறுனத மச்சாங்கிட்ட சொல்லிட்டீங்கள்ளா மேடம்? போன் இல்ல. ஆபீஸ்ல சொல்லிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பன்னெண்டரை ஃப்ளைட்டப் புடிச்சா அஞ்சு மணிக்கு ஊர்ல இருப்பேன். வெளிச்சம் இருக்கும்லா? எடுக்கதுக்கு முன்னாடி போயிருவேன்லா?"

"இசக்கிமுத்து, காலையிலேயே அடக்கம் பண்ணிட்டாங்கப்பா."

"யார?" என்றான்.

தேவராஜ் அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்ப?"

"ஏழு மணிக்கு."

அவன் போர்டிங் பாஸைத் திருப்பிப் பார்த்தான். ஆள்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏழு மணிக்கு நான் எங்க இருந்தேன் மேடம்?"

அது என் வேலை. யார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அரபிக் கடல் மேல வந்திருக்கும்."

"அப்பத்தான் சாப்பாடு குடுத்தாவ" என்றான். "நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல. ஊர்ல போயி மயங்கி விழுந்துரக் கூடாதுன்னு எல்லாத்தையும் சாப்பிட்டேன். ரொட்டி, முட்டை, பழம் எல்லாம். முழுசா சாப்பிட்டேன் மேடம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வாயைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தான், அந்தச் சாப்பாடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. தேவராஜ்தான் அவனைத் தூக்கி நிறுத்தினார். உள்நாட்டு முனையம் வரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போனோம். பன்னிரண்டரை விமானத்தில் அனுப்பினோம். நான் எழுதிய தாளில் இருந்தபடியே, நிமிடம் பிசகாமல், மாலை ஐந்து மணிக்கு அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான்.

கோதண்டராமன் சார் அறிக்கை எழுதினார். முதல் முறையாகப் பேனாவால் எழுதினார். உறுதியான டிக்கெட்டின் நேரம் சொல்லப்பட்டது, நடைமுறை பின்பற்றப்பட்டது, மாற்றம் தெரிந்தபின் குடும்பத்தைத் தொடர்புகொள்ளப் பலமுறை முயலப்பட்டது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தப்பு கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

"நாம சரியாத்தான் செஞ்சோம், தனலட்சுமி" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். அந்த விதியை மாற்றவில்லை. மாற்றுங்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் திங்கட்கிழமை இரண்டே கால் மணிக்கு நடந்ததைப் பற்றி இருவரும் பேச வேண்டியிருக்கும். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. குடும்ப அவசரம் என்று எந்தப் போன் வந்தாலும், டிக்கெட்டை நான் போட்டுவிட்டு, பேசுவதை, பின்னால் ஹெச்.ஆரில் சேர்ந்த நித்யாவிடம் விட்டுவிடுவேன். ஏன் மேடம் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். நித்யா, இப்போது தெரிந்துகொள்.

இருபது நாள் கழித்து இசக்கிமுத்து வேலைக்கு வந்தான். மெக்ஸிகோவுக்குத் திரும்பப் போக முடியாது என்று சொல்லிவிட்டான், கம்பெனியும் வற்புறுத்தவில்லை. டீ நேரத்தில் என் மேஜைக்கு வந்தான். தலை மொட்டை. ஆள் பாதியாகியிருந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. திங்கக்கெழம கெளம்பும்போது மச்சான் உங்களக் கேட்டாராம். செவ்வாக்கெழம வருவானான்னு. அவரு தெனமும் அதையே சொல்லிப் பொலம்புதாரு. நாம இன்னும் ஒரு தடவ கேட்டுருக்கணும், அக்காவ விட்டுருக்கப்படாதுன்னு தலையில அடிச்சுக்கிடுதாரு. அவரு கேக்கும்போது நான் மொத ஃப்ளைட்டு ஏறுனது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. மச்சானிடம் போய் ஏதாவது சொல்லி அந்தப் புலம்பலை நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தான். தெரியும் என்று நான் சொல்லியிருந்தால், பரமசிவம் அன்றோடு தன்னை விட்டுவிட்டு என்னைத் திட்டத் தொடங்கியிருப்பார். அதுதான் நியாயம். அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

"தெரியாதுப்பா" என்றேன். "மெசேஜ் லேட்டாத்தான் வந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். "அப்படித்தான் இருக்கும்னு நானும் சொன்னேன் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பீங்களா?" என்றான். டீ நேரம் முடிகிற மணி அடித்தது. போய்விட்டான்.

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் விழா வைத்தார்கள். சால்வை, பூச்செண்டு, கேக். யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். இசக்கிமுத்து பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான். அவன் மேடையில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"எங்க வீட்டுல நடந்தது இங்க எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு இந்த மேடம் மட்டும் இல்லேன்னா நான் பாதி வழியிலேயே கெடந்துருப்பேன். இடமே இல்லாத ஃப்ளைட்டுல எனக்கு இடம் வாங்கிக் குடுத்தாங்க. ஏர்போர்ட்டுக்கே வந்து நின்னாங்க. எங்க அம்மா அவங்க பேரச் சொல்லித்தான் வெளக்கேத்துறா" என்றான். மைக்கை வைத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். சிரித்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றேன்.

நித்யா, நீ இதை அவனிடம் காட்டுவாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அவன் படித்துவிட்டு அப்படியே பரமசிவத்துக்கு அனுப்பட்டும்.

தெரியும், இசக்கிமுத்து. உன் மச்சான் கேட்டது இரண்டே காலுக்கு. நீ ஏறிவிட்டாய் என்று எனக்குப் பதினொன்றே காலுக்கே தெரியும்.